கடலூர் கடல் சண்டை 1783: 18 கப்பல் ஜெயிக்கணும்னு கணக்கு சொல்லுது, ஜெயிக்கலையே? புராஜெக்டுக்கு உதவி வேணும்

ஓல்டுடவுன்_பொண்ணு

வணக்கம். எம்எஸ்சி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன், ஊரு கடலூர் ஓ.டி. ராணுவ முடிவுகளுக்கு மாடலிங், புள்ளியியல் எல்லாம் எப்படி உதவுதுன்னு புராஜெக்ட் தலைப்பு வாங்கிட்டேன், கைடும் சரின்னுட்டாரு. எல்லாரும் அமெரிக்கா ஜப்பான்னு எடுக்கறாங்களே, நாம நம்ம ஊர் சண்டையையே எடுப்போம்னு கெத்தா ஆரம்பிச்சேன், இப்ப மாட்டிக்கிட்டேன்.

1783 ஜூன் 20, நம்ம கடலூர் கடல்ல பிரெஞ்சுக்காரன் சுஃப்ரேன்கிட்ட 15 போர்க்கப்பல், இங்கிலீஷ்காரன் ஹியூஸ்கிட்ட 18. லான்செஸ்டர் ஸ்கொயர் லா (ஒரு படையோட பலம் அதோட எண்ணிக்கையோட ஸ்கொயர் அளவுன்னு சொல்ற போர்க் கணக்கு) போட்டா 18 ஸ்கொயர் 324, 15 ஸ்கொயர் 225, வித்தியாசம் 99, அதுக்கு ரூட் எடுத்தா கிட்டத்தட்ட 10. அதாவது கடைசி வரைக்கும் அடிச்சிக்கிட்டா சுஃப்ரேன் மொத்தமா காலி, ஹியூஸ்கிட்ட 10 கப்பல் மிச்சம் நிக்கணும். ஆனா நடந்தது என்னன்னா ரெண்டு பக்கமும் ஒரு கப்பல் கூட போகல, கப்பல் ஜாஸ்தி வச்சிருந்த ஹியூஸ்தான் மெட்ராஸுக்கு கிளம்பிட்டாரு.

எங்க பெரியப்பா ஆர்மியில சப்ளை பக்கம் இருந்து ரிட்டயர் ஆனவரு, நோட்டை பார்த்துட்டு ஒரே சிரிப்பு. "சண்டைக்கு கால்குலேட்டர் எடுத்துட்டு போறவனுக்குத்தாம்மா மொத குண்டு"ன்னாரு. கைடுகிட்ட காட்டறதுக்கு முன்னாடி இங்க கேட்டுக்கறேன், தப்பு மாடல்லயா இல்ல என்கிட்டயா?

சுஃப்ரேன்வீதி_பழசு

பாண்டிச்சேரியில எங்க ஆளு பேர்ல ஒரு வீதியே இருக்கு, அதனால நாந்தான் மொதல்ல வருவேன் :)

தங்கச்சி, நீ கப்பலை மட்டும் எண்ணியிருக்கே. அன்னைக்கு கரையில என்ன நடந்துச்சுன்னு பாரு. பிரெஞ்சு தரைப்படைத் தளபதி புஸ்ஸி கடலூருக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்காரு, ஸ்டூவர்ட்டோட இங்கிலீஷ் படை வெளியில சுத்தி நிக்குது, அந்த படைக்கு கடல் வழியா காவல்தான் ஹியூஸ். சுஃப்ரேன்கிட்ட கப்பலும் கம்மி, கப்பல்ல ஆளும் கம்மி. என்ன பண்ணாருன்னா முற்றுகையில இருக்கற புஸ்ஸிகிட்டயே சுமார் 1200 பேரை வாங்கி கப்பல்ல ஏத்திக்கிட்டாரு. யோசிச்சு பாரு, கோட்டையை காப்பாத்த வந்தவரு கோட்டையில இருந்த ஆளையே எடுத்துட்டு போறாரு, எவ்ளோ பெரிய ரிஸ்க். ஹியூஸ் பக்கம் என்னன்னா மாலுமிங்களுக்கு ஸ்கர்வி, பல்லு ஆடுது ஈறு வீங்குது, குடிதண்ணியும் முடியப் போகுது. சண்டையில ரெண்டு பக்கமும் ஏறக்குறைய நூறு நூறு பேர் செத்தாங்க, அவ்ளோதான், யாருக்கும் முடிவான வெற்றி இல்ல. ஆனா ஹியூஸ் கிளம்பினதும் சுஃப்ரேன் ஆளுங்களை கரையில இறக்கி விட்டுட்டாரு, ஸ்டூவர்ட் நிலைமை தலைகீழ்.

கூத்து என்னன்னா ஐரோப்பாவுல அந்த வருஷம் ஜனவரியிலயே சமாதானத்துக்கு கையெழுத்து போட்டாச்சு. சேதி இங்க வந்து சேரறப்ப ஜூன் கடைசி. உன் மாடல்ல அதுக்கு ஒரு வேரியபிள் வச்சிருக்கியா?

லாஸ்பேட்டை_டேட்டா

மாடலை தப்பான எடத்துல போட்டிருக்கே, அவ்ளோதான் மேட்டர். ஸ்கொயர் லா எப்ப பொருந்தும்னா இந்த பக்கத்துல இருக்கற ஒவ்வொருத்தனும் அந்த பக்கத்துல இருக்கற எவனை வேணா குறி வைக்க முடியணும், ரெண்டு பேரும் கடைசி ஆள் வரைக்கும் விடக்கூடாது. 1783ல கப்பலுங்க வரிசை கட்டி நின்னு எதிர்ல நிக்கற கப்பலோட அடிச்சிக்குது, ஒண்ணுக்கு ஒண்ணு. அங்க எண்ணிக்கையை ஸ்கொயர் பண்றதுக்கு வேலையே இல்ல, எண்ணிக்கையை ஸ்கொயர் பண்ணாம அப்படியே எடுக்கற லீனியர் லாதான் கிட்டக்க வரும். அதுவுமில்லாம யாரும் கடைசி வரைக்கும் நிக்கவும் இல்ல.

லான்செஸ்டரே இதை "யாரு ஜெயிப்பா"ன்னு ஜோசியம் சொல்றதுக்கு மட்டும் பண்ணல. மனுஷன் கார் இன்ஜினியர், 1916ல எழுதின புத்தகத்துல இங்கிலீஷ் அட்மிரல் நெல்சன் டிராஃபால்கர் கடல் சண்டைக்கு முன்னாடி எழுதி வச்ச திட்டத்தை எடுத்து கணக்கு போட்டு காட்டறாரு. அந்த திட்டத்துல நெல்சன் தன்கிட்ட 40 கப்பல், எதிரிகிட்ட 46ன்னு வச்சிக்கறாரு. மொத்தமா மோதினா 40 ஸ்கொயர் 1600, 46 ஸ்கொயர் 2116, தோல்வி. இப்ப எதிரி வரிசையை நடுவுல வெட்டி 23, 23ன்னு ரெண்டா ஆக்கு. ஒரு பாதி மேல 32 கப்பலை ஏவிட்டு இன்னொரு பாதியை 8 கப்பலை வச்சு தாமதப்படுத்து. 32 ஸ்கொயரும் 8 ஸ்கொயரும் சேர்ந்து 1088. 23 ஸ்கொயர் ரெண்டு தடவை 1058. ஆறு கப்பல் கம்மியா இருந்தும் நூல் அளவுல மேல வந்துட்டான் பாரு. என்னைக் கேட்டா மாடலுக்கு உண்மையான உபயோகம் இதுதான், எப்படி பிரிச்சு நிறுத்தலாம்னு நாலு ஏற்பாட்டை பேப்பர்லயே ஒப்பிட்டு பார்க்கலாம், ஆளு சாக வேண்டியதில்ல.

முட்டுகுடுக்கமாட்டேன்

ஆஹா ஆரம்பிச்சிட்டாங்கய்யா. நெல்சன் பேப்பர்ல ஸ்கொயர் போட்டா ஜெயிச்சாரு? மாலுமிங்க நல்லா சுட்டாங்க, ஜெயிச்சாரு. நடந்து முடிஞ்சப்புறம் ஃபார்முலா ஒட்டறது எல்லாருக்கும் வரும்.

வியட்நாமை யாரும் எடுக்க மாட்டீங்களே. மெக்னமாரா ஃபோர்டு கம்பெனி தலைவரா இருந்து டிஃபென்ஸ் செக்ரட்டரி ஆனவரு, ரெண்டாம் உலகப்போர்லயே விமானப்படைக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பார்த்தவரு, அவரை விட கணக்குப் புள்ள எவன் இருக்கான்? எத்தனை பொணம் விழுந்துச்சுன்னு எண்ணினாங்க. எண்ணிக்கை ஜாஸ்தி காட்டினா நல்ல பேருன்னதும் கீழ இருக்கறவன் கூட்டித்தான் காட்டுவான், வயல்ல வேலை பாக்கற சம்சாரியும் எதிரி கணக்குல போயிடுவான். 1967ல இருந்து ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஏ, பி, சி, டி, இன்னு கிரேடு போட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க, பெரும்பாலான ஜனங்க பாதுகாப்பா இருக்காங்கன்னு ரிப்போர்ட் வந்துச்சு. 1968 ஜனவரி கடைசியில டெட் தாக்குதல், கம்யூனிஸ்ட் படைக்காரன் நாடு பூரா ஒரே நேரத்துல அடிச்சான். ரிப்போர்ட்டை கொண்டு போய் வடை மடிக்கலாம்.

நெல்லிக்குப்பம்_கன்னர்

தம்பி முட்டு, கொஞ்சம் மெதுவா. நான் 24 வருஷம் ஆர்ட்டிலரி. கணக்கு இல்லாம எங்க பீரங்கி வாயே தொறக்காது.

ஒரே பீரங்கி, ஒரே குண்டு, ஒரே கோணம், ஒரே சார்ஜ் (வெடிமருந்து அளவு), நூறு தடவை சுட்டா நூறும் ஒரே எடத்துல விழாது. சராசரி எடத்தை நடுவுல வச்சு முன்னயும் பின்னயுமா எட்டு பட்டையா பிரிச்சா ஒவ்வொண்ணுலயும் விழறது 2, 7, 16, 25, 25, 16, 7, 2 சதவீதம். ஒண்ணாங் கிளாஸ் வாய்ப்பாடு மாதிரி ட்ரெய்னிங்ல மண்டையில ஏத்தி விட்ருவாங்க, இன்னைக்கு ராத்திரி எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன். நடுவுல இருக்கற ரெண்டு 25ம் சேர்ந்தா அதுதான் ஐம்பது பர்சன்ட் ஜோன். நம்ம ஆளுங்க எதிரிக்கு எவ்ளோ கிட்ட நிக்கறாங்க, அந்த ஜோன் எவ்ளோ நீளம், இதை பார்க்காம ஃபயர் குடுத்தா சாவறது நம்ம பையன். இது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இல்லாம வேற என்ன? மேல மலைக்கு போனா காத்து லேசாயிடும், டேபிள்ல போட்டதை விட குண்டு தூரமா போகும், அதனால பலூன் விட்டு காத்து, சூடு எல்லாம் அளந்து திருத்துவோம். ஃபார்முலா தப்புன்னு யாரும் தூக்கி போடல, திருத்தினோம்.

நம்ம ஊர்லயே ஒரு தமாஷ் உண்டு. கடலூர் பக்கம் குண்டு உப்பலவாடின்னு ஊர் இருக்கே, ஏன் குண்டு? 1690ல கம்பெனிக்காரன் மராட்டியர்கிட்ட தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கறப்ப பேச்சு என்னன்னா, கோட்டையில இருந்து பீரங்கி குண்டு போய் விழற தூரம் வரைக்கும் அவனுக்கு சொந்தம். அவன் என்ன நோஞ்சான் பீரங்கியையா வைப்பான்? நல்லா தூரம் போறதா பார்த்து வச்சு நாலா பக்கமும் சுட்டான், உள்ள விழுந்த ஊரெல்லாம் குண்டு கிராமம். சராசரியை விட்டுட்டு மேக்சிமத்தை எடுத்தா எப்படி ஏமாத்தலாம்னு மராட்டியருக்கு சொல்ல அன்னைக்கு ஒரு கன்னர் கூட இல்ல பாரு.

லாஸ்பேட்டை_டேட்டா

கன்னர் அண்ணே செம, அந்த குண்டு கதையை நான் எங்கயாவது பிரசன்டேஷன்ல சுட்டுக்கறேன்.

முட்டு சொல்றது பொய் இல்ல, ஆனா அது யாரு எண்ணினது, எண்ணினா அவனுக்கு என்ன லாபம்கிற பிரச்சினை. அதையே கண்டுபிடிச்சதும் புள்ளியியல்காரங்கதான். 1940ல லண்டன்ல விமான எதிர்ப்பு பீரங்கிங்களுக்கு கணக்கு பார்க்க பிளாக்கெட்னு ஒரு பிசிக்ஸ் புரொஃபசர் போறாரு, பின்னாடி 1948ல நோபல் வாங்கினவரு, நேரு கூப்பிட்டு நம்ம நாட்டு பாதுகாப்புக்கும் அறிக்கை எழுதி குடுத்தவரு. அப்ப ஒரு விமானத்தை விழுத்த சராசரியா 20,000 குண்டு செலவாயிட்டு இருந்துச்சு, அடுத்த வருஷம் 4,000க்கு வந்துச்சு. அதுல ஒரு கேள்வி வந்துச்சு பாருங்க. கடற்கரையில இருக்கற பேட்டரிங்க (பீரங்கி குழுங்க) உள்நாட்டு பேட்டரிங்களை விட ரெண்டு மடங்கு நல்லா சுடறதா ரிப்போர்ட். ஏன்? கடல் மேல ரேடார் நல்லா வேலை செய்யுதா, எதிரி நேரா பறக்கறானா, என்னென்னவோ யோசிச்சு பார்த்துட்டு கடைசியில பிளாக்கெட்டுக்கு பல்பு எரிஞ்சுது. உள்நாட்டுல "விழுத்திட்டேன்"னா போய் உடைஞ்ச விமானத்தை பார்த்துட்டு வரலாம். கடல்ல விழுந்துச்சுன்னா எவன் போய் பார்க்கறது? சொன்னது சொன்னபடி கணக்குல ஏறிடுச்சு!

இன்னொண்ணு, எதை அளக்கணுங்கறது. சரக்கு கப்பலுங்கள்ல விமான எதிர்ப்பு பீரங்கி வச்சாங்க, தாக்க வந்த விமானத்துல 4 சதவீதம்தான் விழுந்துச்சு. தண்டச்செலவு, கழட்டி வேற எங்கயாவது குடுங்கன்னு பேச்சு வந்துச்சு. கப்பலோட கணக்கை எடுத்தா, பீரங்கி சுட்ட கப்பல்ல முழுகினது 10 சதவீதம், சுடாததுல 25. மேலருந்து குண்டு போடறவன் பயத்துல குறி தவறிடறான். பீரங்கி வச்சது விமானத்தை விழுத்தவா, கப்பலை காப்பாத்தவா? அதை யாரும் கேட்கல அதுவரைக்கும்.

ஓல்டுடவுன்_பொண்ணு

அய்யோ இதெல்லாம் எங்க சிலபஸ்ல ஒரு வரி கூட இல்ல. திரும்பி வந்த விமானத்துல ஓட்டை இல்லாத எடத்துக்குத்தான் கவசம் போடணும், அங்க அடிபட்டது திரும்பியே வரலைன்னு சொன்ன ஆபிரகாம் வால்டு கதை மட்டும்தான் தெரியும், எல்லா ரீல்ஸ்லயும் வருது.

லாஸ்பேட்டை_டேட்டா

ரீல்ஸ்ல வர்ற சிவப்பு புள்ளி போட்ட படம் பிற்காலத்துல யாரோ வரைஞ்சது. வால்டு 1943ல கொலம்பியாவுல இருந்த குழுவுக்கு எழுதினது வறண்ட கணக்கு, எந்த பாகத்துல அடி பட்டா பிழைச்சு வர்ற வாய்ப்பு எவ்ளோன்னு, திரும்பி வராததோட டேட்டா இல்லாமலே மதிப்பிடறது. ரீல்ஸ்ல சொல்லாத ஒண்ணு, அந்த மனுஷன் 1950 டிசம்பர் 13ந் தேதி இந்தியாவுக்கு லெக்சர் குடுக்க வந்த எடத்துல நம்ம நீலகிரி மலையில விமானம் மோதி மனைவியோட செத்துப் போனாரு. ஊட்டி பக்கம் எத்தனை தடவை போயிருக்கோம், எனக்கு போன வருஷம்தான் தெரிஞ்சுது, ஒரு மாதிரி ஆயிடுச்சு.

சில்வர்பீச்_போட்

நான் படிச்சவன் இல்ல, போட் வச்சிருக்கறவன், ஆனா இந்த வால்டு கதை எனக்கு நல்லா புரியுது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல நான் முத்தியால்பேட்டையில அக்கா வீட்டுல மாட்டிக்கிட்டேன். புயல் கரைக்கு வந்துட்டு நகரவே இல்ல, பாண்டியில ஒரே நாள்ல ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. விடிஞ்சா கிருஷ்ணா நகர் பக்கம் ஆர்மிக்காரங்களே வந்து ஜனங்களை தூக்கினாங்க. ஆனா எங்க தெருவுக்கு ரொம்ப நேரம் யாரும் வரல. யாரையும் குத்தம் சொல்லல, பின்னாடி விசாரிச்சா எங்க தெருவுல இருந்து உதவி கேட்டு போனே வரலையாம். எப்படி வரும்? கரண்டு இல்ல, சார்ஜ் இல்ல, டவரும் இல்ல. போன் நெறைய வந்த எடத்துக்கு போட் போச்சு. போனே வராத தெருவுலதானே தண்ணி இடுப்புக்கு மேல நின்னுச்சு.

நெல்லிக்குப்பம்_கன்னர்

போட் தம்பி, நீ படிச்சவன் இல்லன்னு இனிமே சொல்லாதே. இதைத்தான் நாங்க வேற மாதிரி கத்துக்கிட்டோம். ஒரு போஸ்ட்ல இருந்து வயர்லெஸ் சத்தமே இல்லன்னா "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு அர்த்தம் பண்ணிக்காதேன்னு எங்க சுபேதார் கத்துவாரு.

சில்வர்பீச்_போட்

அண்ணே அதோட இன்னொண்ணு. கடலுக்கு போகலாமா வேணாமான்னு கேட்டா "வாய்ப்பு உள்ளது"ம்பாங்க. வாய்ப்புன்னா எவ்ளோ? எனக்கு டீசல் காசு, நாலு பேர் கூலி. நூத்துல பத்தா, எம்பதா, சொன்னா நான் முடிவு பண்ணிப்பேன்ல?

லாஸ்பேட்டை_டேட்டா

உளவுத்துறையில நடந்த பெரிய சண்டையே இதான்! 1951ல சோவியத் பக்கம் யூகோஸ்லாவியாவை தாக்குமான்னு சிஐஏ அறிக்கையில "கணிசமான சாத்தியம்"கிற மாதிரி எழுதியிருந்தாங்க. எழுதின குழுவுல இருந்த ஷெர்மன் கென்ட் தன்கூட இருந்தவங்களையே கூப்பிட்டு நீங்க மனசுல என்ன நம்பர் வச்சு கையெழுத்து போட்டீங்கன்னு கேட்டா ஒருத்தன் 20ங்கறான், இன்னொருத்தன் 80ங்கறான். ஒரே வாக்கியம், எல்லாரும் ஒத்துக்கிட்டது!

நம்பர் சொன்னாலும் தலைவலி தீராது. 2011ல அபோட்டாபாத் வீட்டுல பின்லேடன்தான் இருக்கானான்னு கேட்டப்ப ஒருத்தர் 40, இன்னொருத்தர் 60, வேற ஒருத்தர் 95ன்னாங்க. ஒபாமா கடைசியில இது ஃபிஃப்டி ஃபிஃப்டின்னு எடுத்துக்கிட்டுதான் உத்தரவு குடுத்தாரு. 1944 ஜூன்ல நேச நாட்டு படைத் தளபதி ஐசன்ஹோவரும் அப்படித்தான், 5ந் தேதி பிரான்ஸ் கரையில படை இறங்க வேண்டியதை வானிலை ஆளு ஸ்டாக் பேச்சை கேட்டு ஒரு நாள் தள்ளினாரு, 6ந் தேதி கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்னு சொன்னதை நம்பி போங்கன்னாரு. காத்து எப்படி அடிக்கும்னு ஸ்டாக் சொன்னாரு, போகலாமா வேணாமான்னு முடிவு பண்ணினது ஐசன்ஹோவர். போட் அண்ணன் கேக்கறதும் அதுதான், நம்பரை குடு, முடிவை நான் பார்த்துக்கறேன்னு.

முட்டுகுடுக்கமாட்டேன்

சரி, கன்னர் அண்ணனோட எட்டு பட்டையை ஒத்துக்கறேன், பிளாக்கெட் கதையும் நல்லா இருக்கு. ஆனா மேல இருக்கறவனுக்கு புடிக்காத விடை வந்தா என்ன ஆகும்? மிட்வே சண்டைக்கு முன்னாடி 1942ல ஜப்பான்காரன் மேசை மேல ஒத்திகை விளையாடறான், தாயம் உருட்டினதுல அமெரிக்க விமானம் போட்ட குண்டு ஒன்பது பட்டு ரெண்டு கேரியர் (விமானம் தாங்கிக் கப்பல்) முழுகுது. மேலதிகாரியா இருந்த உகாகி ஒன்பது வேணாம், மூணுன்னு வச்சிக்கோன்னு மாத்திட்டாரு. நெஜ சண்டையில நாலு கேரியர் போச்சு. 2002ல அமெரிக்காவுலயும் ஒரு பெரிய ஒத்திகை, மில்லேனியம் சேலஞ்ச், எதிரி வேஷம் போட்ட வான் ரைப்பர்னு ரிட்டயர்டு ஜெனரல் மோட்டார் சைக்கிள்ல ஆளை அனுப்பி சேதி சொல்லி, ஏவுகணையும் சின்னச் சின்ன படகும் வச்சு 16 கப்பலை முழுக வச்சிட்டாரு. உடனே நிறுத்தி, முழுகின கப்பலையெல்லாம் மறுபடி மிதக்க விட்டு ஆட்டத்தை திரும்ப ஆரம்பிச்சாங்க. அவரு கோவிச்சிக்கிட்டு நடுவுல விலகிட்டாரு. மாடல் வேலை செஞ்சுது, மனுஷன் விடல. அப்ப மாடலுக்கு எதுக்கு செலவு?

நெல்லிக்குப்பம்_கன்னர்

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல தம்பி. அதிகாரிக்கு என்ன விடை வேணும்னு தெரிஞ்சப்புறம் கணக்கு போடறவன் எல்லா எடத்துலயும் இருக்கான், நானும் ஒரு தடவை அப்படி பண்ணியிருக்கேன், அதை இங்க எழுத மாட்டேன். ஆனா மிட்வேல அந்த தாயம் உருட்டலன்னா மாத்தினாங்கன்னே உனக்கு தெரிஞ்சிருக்காதே?

முட்டுகுடுக்கமாட்டேன்

ம். அது ஒரு பாயிண்ட்.

சுஃப்ரேன்வீதி_பழசு

எல்லாரும் தங்கச்சியோட கேள்வியை விட்டுட்டு உலகம் சுத்திட்டு வந்துட்டீங்க. எனக்கு ஒண்ணு தோணுது. அன்னைக்கு ஹியூஸ் முன்னாடி இருந்தது "நான் ஜெயிப்பேனா"ங்கற கேள்வி இல்ல. இன்னும் எத்தனை நாள் இங்கயே நிக்க முடியும், நின்னா ஸ்டூவர்ட்டுக்கு என்ன, போனா என்ன, இதுதான். சுஃப்ரேனுக்கும் ஜெயிக்க வேண்டிய அவசியம் இல்ல, ஹியூஸ் அந்த எடத்தை விட்டு போனா போதும்.

ஓல்டுடவுன்_பொண்ணு

சார்!!! இதான். நேத்து ராத்திரி பூரா இதைத்தான் யோசிச்சிட்டு இருந்தேன். கப்பலை கப்பலோட மோத விடாம, கப்பல்ல இருக்கற தண்ணி, ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு எவ்ளோ, தினம் எத்தனை பேர் படுக்கையில விழறாங்க, இதெல்லாத்தையும் ஒரே நம்பரா வைக்காம ஒரு ரேஞ்சா வச்சு ஆயிரக்கணக்குல தடவை ஓட்டி பார்த்தா ஹியூஸ் எத்தனாவது நாள்ல கெளம்பியே ஆகணும்னு ஒரு பரவல் கிடைக்கும்ல? அதுக்கு பக்கத்துல சுஃப்ரேன் 1200 பேரை ஏத்தாம இருந்திருந்தா என்னன்னும் ஓட்டலாம். லான்செஸ்டரை தூக்கிடாம மொத சாப்டர்ல தோத்த மாடலாவே வச்சிக்கறேன். அந்த காலத்து கப்பல்ல தண்ணி, ஆளு கணக்கெல்லாம் எங்க தேடறது?

சுஃப்ரேன்வீதி_பழசு

செயின்ட் லூயி வீதியில பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் லைப்ரரி இருக்கு, அங்க ஆரம்பி. பிரெஞ்சு படிக்க நான் உதவறேன். இன்னொண்ணு ஞாபகம் வச்சிக்க, ரெண்டு பக்கமும் அவனவன் ஊருக்கு அனுப்பின ரிப்போர்ட்ல அவனவன் இழப்பை எப்படி எழுதியிருக்கான்னு பார்த்துக்க. கடல்ல விழுந்ததை யாரும் போய் எண்ணல.

ஓல்டுடவுன்_பொண்ணு

அப்டேட். பெரியப்பாகிட்ட புது நோட்டை காட்டினேன். சிரிக்கல. கண்ணாடியை போட்டுக்கிட்டு ரெண்டு பக்கம் படிச்சாரு, அப்புறம் பேனாவை வாங்கி "ஒரு ஆளுக்கு இவ்ளோ தண்ணின்னு மட்டும் போட்டிருக்கியே, சமையலுக்கு எங்க, சீக்காளிக்கு எக்ஸ்ட்ரா எங்க, பீப்பா ஒழுகறது எங்க, நூறு டின் ஏத்தினா நூறும் மேல போய் சேர்ந்ததா நான் பார்த்ததே இல்ல"ன்னு ஓரத்துல எழுத ஆரம்பிச்சிட்டாரு. முப்பது வருஷம் ரேஷன் கணக்கு பார்த்தவரு! அப்ப ஏன் பெரியப்பா அன்னைக்கு அப்படி சிரிச்சீங்கன்னா, "நீ சண்டைன்னு சொன்னே, தண்ணின்னு சொல்லலையே"ங்கறாரு.

நெல்லிக்குப்பம்_கன்னர்

ஏஎஸ்சியாம்மா (ஆர்மி சர்வீஸ் கோர், சப்ளை பிரிவு) உங்க பெரியப்பா? எந்த வருஷம், எந்த யூனிட்னு கேட்டு சொல்லு. 90ல ஒரு ஏஎஸ்சிக்காரன் எங்க பேட்டரிக்கு மண்ணெண்ணெய் நாலு ஜெரிக்கேன் கம்மியா குடுத்தான், இன்னும் தேடிட்டு இருக்கேன்.